'காக்கா' 'தாத்தா' ஆகும்போது: சிறு குழந்தைகளின் உச்சரிப்புக் கோளாறும் பேச்சுப் பயிற்சியும்

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 4 வயது 2 மாதம். வாய் ஓயாமல் பேசுகிறான், நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. ஆனால் 'கார்' அவன் வாயில் 'தார்', 'கண்ணு' 'தண்ணு', 'காக்கா' 'தாத்தா'. 'சட்டை'யும் 'தட்டை'தான். வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ புரிந்துகொள்கிறார்கள், வெளியாட்களுக்குப் புரிவதில்லை. "அவங்கப்பாவும் இப்படித்தான் பேசினான், வளர வளரச் சரியாயிடும்" என்கிறார் பாட்டி. நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு தெளிந்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். விசில் ஊதுங்கள், பலூன் ஊதுங்கள் என்கிறது ஒரு வீடியோ. இதில் எதைக் கேட்பது, பேச்சுப் பயிற்சியில் என்னதான் செய்வார்கள், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். இனியும் காத்திருக்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காகச் சவ்வை வெட்ட வேண்டாம். விசிலும் பலூனும் விளையாட்டுச் சாமானாகவே இருக்கட்டும். காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வையுங்கள். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வகைக் குழந்தைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு நன்றாக வசப்படும் வகை இது.

இப்படிப் பேசும் குழந்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. என்னிடம் வந்த ஒரு சிறுவன் ஜன்னலைக் காட்டி, "தாத்தா பறக்குது!" என்றான். "தாத்தாவா பறக்குது?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா இல்ல… தாத்தா!" என்று அழுத்திச் சொன்னான். நான் தப்பாகச் சொன்னது அவனுக்குக் கேட்கிறது. தானும் அதையேதான் சொன்னோம் என்பது கேட்கவில்லை. இது நம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. 1960-இல் பெர்க்கோ, பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு சம்பவம் எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்று சொன்ன குழந்தை, பெரியவர் 'ஃபிஸ்' என்றதும் இல்லை என்று மறுத்தது. அவர் 'ஃபிஷ்' என்று சரியாகச் சொன்ன பிறகுதான், "ஆமாம், என் ஃபிஸ்" என்று ஒப்புக்கொண்டது.

அதாவது, பிறர் பேச்சில் 'க' வேறு, 'த' வேறு என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரிகிறது. தான் பேசும்போது மட்டும் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுகிறான். வாயின் பின்பகுதியில் பிறக்க வேண்டிய ஒலிகளையெல்லாம் முன்னால் கொண்டுவந்து சொல்வது அவனுக்கு ஒரு விதியாகிவிட்டது. நாக்கில் பலம் இல்லாததால் இப்படி நேர்வதில்லை. ஒலிகளைப் பிரித்து அடுக்கும் முறை இன்னும் திருந்தவில்லை, அவ்வளவுதான். பயிற்சியில் நான் செய்யும் எல்லாமே அந்தப் பெட்டியை இரண்டாக்கத்தான்.

மழலைக்கும் கோளாறுக்கும் கோடு எங்கே என்ற கேள்வி நியாயமானது. இரண்டரை வயதில் 'தார்' என்று சொன்னால் நான் கவலைப்பட மாட்டேன். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் ஒலிகளை எளிமையாக்கிக்கொண்டுதான் பேச்சுக்குள் நுழைகிறார்கள். க-வை முன்னுக்குத் தள்ளுவது பெரும்பாலும் மூன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். 2018-இல் மெக்லாய்ட், குரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான மெய்யொலிகள் 5 வயதுக்குள் வந்துவிடுகின்றன. க, த, ப போல அடைத்துத் திறக்கும் ஒலிகளும் ம, ந போன்ற மூக்கொலிகளும் முன்னால் வரும். நாக்கு துடிக்கும் ர போன்றவை பின்னால்தான் வரும். ஆகவே 4 வயதில் 'ராஜா' 'லாஜா'வாக இருந்தால் பொறுக்கலாம். 'க' வராமல் இருந்தால் பொறுக்கக் கூடாது. ழ-வை ள-வாகச் சொல்வதைக் கோளாறு என்று நான் எழுதுவதே இல்லை. வீட்டில் பெரியவர்களே 'மள' என்றுதான் சொல்கிறார்கள் என்றால், குழந்தை தன் வீட்டுப் பேச்சைச் சரியாகக் கற்றிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஓர் எளிய அளவுகோலும் உண்டு. குழந்தையை முன்பின் தெரியாத ஒருவருக்கு 2 வயதில் ஏறக்குறைய பாதி, 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும். ஒலிகள் அங்கங்கே பிசகலாம், சொல்வது என்னவென்று விளங்க வேண்டும். அம்மாவுக்குப் புரிவதை இதில் கணக்கில் சேர்க்கக் கூடாது. அம்மாவின் காது அந்தப் பேச்சுக்குப் பழகிப்போயிருக்கும், பாதியை ஊகித்தே நிரப்பிக்கொள்ளும்.

பாட்டி சொன்னதில் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது, ஆனால் அதை அவர் எடுத்துக்கொண்ட பக்கம்தான் தவறு. அப்பாவுக்கும் இப்படி இருந்தது என்றால் அது காத்திருக்கச் சொல்லும் காரணம் ஆகாது. குடும்பத்தில் முன்பு இருந்திருப்பது, இந்தக் கோளாறு வருவதற்கான வாய்ப்பைக் கூட்டும் அம்சங்களில் ஒன்று. தானாகச் சரியாகிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்தக் குழந்தை அவர்களில் ஒருவனா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கிடையில் பள்ளி வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பதே ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலைதான். பேச்சில் ஒலிகள் கலங்கிய நிலையிலேயே படிப்பைத் தொடங்கும் குழந்தைகளுக்கு வாசிப்பிலும் சிரமம் வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கும். மற்ற பிள்ளைகள் 'என்ன? என்ன?' என்று கேட்டுக்கேட்டு, வாயாடிக் குழந்தை மெல்ல மெல்ல வாய் மூடிக்கொள்ளும்.

காதைப் பற்றி: "அவனுக்கு நல்லாக் கேக்கும், கூப்பிட்டா திரும்புறான்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். திரும்புவதற்குக் கொஞ்சம் கேட்டால் போதும். ஒலிகளைப் பிரித்தறிய நன்றாகக் கேட்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, வலியே இல்லாமல், சில வாரம் மந்தமாகவும் சில வாரம் சரியாகவும் கேட்பது சகஜம். எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமும், செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் செய்துவிடுங்கள். இரண்டிலும் வலி இல்லை. இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான்.

சவ்வு விஷயத்துக்கு நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். 'க' என்று சொல்லிவிட்டு உங்கள் நாக்கு எங்கே போனது என்று கவனியுங்கள். நுனி கீழேயே கிடக்கும், பின்பகுதி மட்டும் எழும்பி மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டிருக்கும். பள்ளி இலக்கணத்தில் க, ங இரண்டுக்கும் 'முதல்நா அண்ணம்' என்று படித்தோமே, அந்த முதல்நா என்பது நாக்கின் அடிப்பகுதி. சவ்வு கட்டிப்போடுவதோ நுனியை. நுனி கட்டப்பட்டிருந்தால் ல, ர போன்றவை சிரமப்படலாம். உங்கள் மகன் தடையில்லாமல் சொல்லும் 'த'வுக்குத்தான் நுனி வேண்டும், அவனுக்கு வராத 'க'வுக்கு நுனியே தேவையில்லை. வெட்டி என்ன ஆகப்போகிறது? சவ்வு குட்டையாக இருந்தும் தெளிவாகப் பேசும் குழந்தைகள் ஏராளம். பால் குடிக்க முடியாத பச்சைக் குழந்தையின் கதை வேறு, அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

ஊதும் பயிற்சிகளைப் பற்றிச் சொல்லும்போது என் துறையினர் சிலருக்கே கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விசில், பலூன், மெழுகுவத்தி, நாக்கை நீட்டி மடக்குவது ஆகியவற்றால் உச்சரிப்பு சீராகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மறுஆய்வுக்குத் தேடியும் கிடைத்தவை ஒருசில சின்ன ஆய்வுகள்தான், அவற்றிலிருந்தும் ஆதரவாக எதையும் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கு வேண்டிய பலம் மிகக் குறைவு. நேரமும் இடமும்தான் பிசகாமல் இருக்க வேண்டும். அது பேசிப் பழகித்தான் வரும். ஒரு பயிற்சி அறையில் அமர்வின் பாதி நேரம் ஊதுவதிலேயே போகிறது என்றால், அங்கே ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, பயிற்சியில் என்ன நடக்கும்?

முதல் நாள் பயிற்சியே இருக்காது. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம், பொம்மைகளோடு பேசவிட்டுப் பதிவு செய்வோம், வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்போம். எந்த ஒலி, சொல்லின் எந்த இடத்தில், என்னவாக மாறுகிறது என்று பட்டியல் போடுவோம். 'க வராது' என்று பெற்றோர் சொல்வதோடு இது முடிவதில்லை. தமிழில் க என்ற ஒரே எழுத்துக்குள் பல ஒலிகள் ஒளிந்திருக்கின்றன. 'கண்ணு'வில் இருப்பது ஒன்று, 'மூக்கு'வில் அது இரட்டித்து அழுந்தும், 'அங்கே'யில் ங-வின் தோளில் ஏறி அதிர்ந்து வரும், 'பகல்' என்பதில் தேய்ந்து கிட்டத்தட்ட 'ஹ' ஆகிவிடும். சொல்லின் முதலில் க-வே வராத குழந்தை 'அங்க' என்பதை அழகாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டால் பாதிப் பூட்டு திறந்த மாதிரி. "அங்… க", "அங்… கா" என்று அங்கிருந்தே பிரித்து எடுத்துவிடலாம். அதனால்தான் எழுத்தை வைத்து வேலை செய்யாமல் ஒலியை வைத்து வேலை செய்கிறோம்.

எங்குமே வரவில்லை என்றால் ஒலியைப் பிறப்பிக்க வேண்டும். குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பேன். நாக்கு தன் கனத்திலேயே பின்னால் சரியும். கொப்பளிக்கிற மாதிரி தொண்டையில் சத்தம் போடச் சொல்வேன், நானும் பக்கத்தில் படுத்துப் போடுவேன். அது போதவில்லை என்றால், சுத்தமான விரலாலோ மரக்குச்சியாலோ நாக்கு நுனியைக் கீழே லேசாக அழுத்திக்கொண்டு 'தா' சொல்லச் சொல்வேன். நுனி எழ முடியாதபோது பின்பகுதி எழுந்துதான் ஆக வேண்டும். அவன் 'தா' சொல்லப் போவான், வெளியே வருவது 'கா'வாக இருக்கும். அந்தக் கணத்தில் குழந்தையின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். அடுத்த சில நாளில் குச்சி தேவைப்படாது. இதை ஒரு முறையாவது பார்க்காமல் வீட்டில் முயல வேண்டாம், குழந்தைக்குக் குமட்டிவிட்டால் அப்புறம் வாயே திறக்காது.

ஒலி பிறந்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் மகன் மாதிரியான குழந்தைக்கு அசல் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒலியைச் சொல்லத் தெரிவது வேறு, அதைச் சொல்ல வேண்டிய தேவையை உணர்வது வேறு. தேவையை உண்டாக்க, ஓர் ஒலி மட்டும் மாறிப் பொருளே மாறிவிடும் சொல்ஜோடிகளைப் பயன்படுத்துவோம். கோடு, தோடு. காய், தாய். காக்கா, தாத்தா. எனக்குப் பிடித்த ஜோடி கட்டு, தட்டு. மேஜையில் ஒரு பொம்மையும் ஒரு துண்டு நாடாவும் இருக்கும். குழந்தை முதலாளி, நான் வேலையாள். 'கட்டு' என்றால் பொம்மைக்கு நாடா கட்டுவேன், 'தட்டு' என்றால் மேஜையைத் தட்டுவேன். நாடா கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவன் "தட்டு" என்பான். நான் மேஜையைத் தட்டுவேன். "இல்ல, தட்டு!" மறுபடி தட்டுவேன். கேலி இல்லாமல், அவன் சொன்னதை அப்படியே நம்பிச் செய்கிற முகத்தோடு தட்டுவேன். அவன் என் கையைப் பார்ப்பான், நாடாவைப் பார்ப்பான், கொஞ்சம் நிற்பான். பிறகு வரும், தட்டுத்தடுமாறி, "…க்கட்டு". உடனே கட்டிவிடுவேன். 'சரியாச் சொல்லு' என்று நூறு முறை திருத்தியும் நடக்காதது இந்த ஒரு நிமிடத்தில் நடக்கிறது. தன் வாயிலிருந்து வந்தது தான் நினைத்ததில்லை என்று அவனுக்கு முதல் தடவையாகத் தெரிகிறது. அழும் நிலைக்கு மட்டும் தள்ளிவிடக் கூடாது. இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை நானே 'கட்டா? தட்டா?' என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிடுவேன்.

இதற்குப் பிறகு எண்ணிக்கைதான். தனிச் சொல், இரண்டு சொல், வாக்கியம், கதை, சாதாரணப் பேச்சு என்று படி ஏறுவோம். அரை மணி நேர அமர்வில் குறி வைத்த ஒலியை நூறு தடவையாவது சொல்ல வைக்கப் பார்ப்பேன். பந்து எறிதல், சீட்டு எடுத்தல் எல்லாம் அந்த நூறைக் கசக்காமல் கொண்டுவரத்தான். விளையாட்டு அருமையாக இருந்து, குழந்தை மொத்தமே பத்து முறைதான் வாய் திறந்தது என்றால் அன்றைய அமர்வு வீண்.

வாரம் எத்தனை நாள் என்று கேட்பீர்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வில் இதே வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் 3 வீதம் 8 வாரம், இன்னொன்றுக்கு வாரம் 1 வீதம் 24 வாரம். மொத்தம் இரண்டுக்கும் அதே 24 அமர்வுகள். நெருக்கமாகப் பெற்றவர்கள்தான் கூடுதலாக முன்னேறினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆண்டுக்கணக்கில் இழுப்பதைவிட, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் நெருக்கமாகச் செய்துவிட்டு இடைவெளி விடுவது மேல் என்பது என் அனுபவமும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இதே வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு. ஒரே ஒலியை மட்டும், உதாரணமாக ஸ-வை நாக்கின் பக்கவாட்டில் காற்று விட்டுச் சொல்லும் குழந்தைக்குச் சொல்ஜோடி விளையாட்டு பயன்படாது, வாய்க்குள் நாக்கின் இடத்தைத் திருத்த வேண்டும். இன்னொரு வகையை உடனே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே சொல்லை ஐந்து முறை சொன்னால் ஐந்து விதமாக வருவது, ஓர் அசையிலிருந்து அடுத்த அசைக்குப் போகத் திணறுவது, பேச்சின் ஏற்ற இறக்கம் இயல்பாக இல்லாதது. இது மூளை பேச்சசைவுகளைத் திட்டமிடுவதில் வரும் சிக்கலாக இருக்கலாம், அப்ராக்ஸியா என்பார்கள். அரிதுதான். ஆனால் அதற்கான பயிற்சியே வேறு. அடிக்கடி நடக்க வேண்டும், முதலில் தெரபிஸ்டும் குழந்தையோடு சேர்ந்தே சொல்லி, பிறகு மெல்ல விலகிக்கொள்ள வேண்டும். எல்லாப் பேச்சும் மூக்கு வழியாக வருகிறது, குடிக்கும் நீர் மூக்கில் ஏறுகிறது என்றால் மேலண்ணத்தை மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பு தெளிவாகப் பேசிய குழந்தை திடீரென்று குழறினால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மொழி இந்தக் கோளாறை உண்டாக்குவதில்லை. தெரபிஸ்ட் ஒரு மொழியை விடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

இனி உங்கள் பங்கு. நாள் முழுவதும் திருத்தாதீர்கள். ஒரு நாளில் ஐந்தைந்து நிமிடமாக இரண்டு வேளை, தெரபிஸ்ட் அறையில் நன்றாக வந்துவிட்ட சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வராத சொல்லை வீட்டில் நூறு முறை சொல்ல வைத்தால் தவறு நூறு முறை பழகும். சரியாகச் சொன்னால் 'சூப்பர்' என்று மட்டும் சொல்லாமல், "இப்ப பின்னாடியிருந்து வந்துச்சு, கேட்டுது எனக்கு" என்று எது சரியாக இருந்தது என்பதைச் சொல்லுங்கள். மீதி நேரமெல்லாம் உங்கள் வேலை பதில் பேசுவதுதான். அவன் ஓடிவந்து "அம்மா, தார் போகுது!" என்றால், "ஆமா, கார் போகுது. பெரிய கார்! எங்க போகுது அந்தக் கார்?" என்று கேளுங்கள். சரியான ஒலி மூன்று முறை அவன் காதில் விழுந்துவிட்டது, அவன் கொண்டுவந்த சேதியும் மதிக்கப்பட்டது. 'தார் இல்லடா, கார் சொல்லு' என்றால் அடுத்த கார் வரும்போது ஓடிவர மாட்டான். புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள், குழந்தைக்கு அது தெரிந்துவிடும். "யாரோ விழுந்தாங்கன்னு புரிஞ்சுது, யாருன்னு புரியல, காட்டு" என்று புரிந்த பகுதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள். அவன் மழலையை அழகு என்று திருப்பிச் சொல்லிக் கொஞ்சுவதைத் தாத்தா பாட்டியும் இப்போதைக்கு நிறுத்திவைக்கட்டும்.

ச-வையும் அதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். முதல் சில வாரம் க மட்டும் போதும், ச பிறகு. ஒன்று அசைந்தால் மற்றதும் சேர்ந்து இளகுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் நூற்றுக்கு நூறு வரும்வரை காத்திருப்பதில்லை. சாதாரணப் பேச்சில், யாரும் கேட்காமலே, குழந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறதா என்று பார்ப்பேன். ஜன்னலைக் காட்டிய அந்தச் சிறுவன் நான்காவது மாதத்தில் ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே யாரிடமோ சொன்னான்: "அங்க தாத்… காக்கா இருந்துச்சு." அடுத்த மாதத்திலிருந்து அமர்வுகளை மாதம் ஒன்றாகக் குறைத்துவிட்டேன்.